முடியவில்லை என்று சொல்லத் தெரியாத அண்ணி

அண்ணி விழுந்த சத்தம் மேல்மாடியில் குடியிருக்கிற எனக்குக் கேட்டது. இறங்கி ஓடிப்போய்க் கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து நிதானமாகப் பதில் வருகிறது.

"பக்கெட்டு விழுந்திடுச்சு. நீ போ, வேலைக்கு நேரமாகல?"

பக்கெட் விழுந்தால் வீடு இப்படி அதிராது. அண்ணன் வீட்டுச் சாவி ஒன்று எப்போதும் என்னிடம் இருக்கும். திறந்துகொண்டு போனேன். குளியலறை வாசலில் அண்ணி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு கால் மடங்கி அடியில் மாட்டிக்கிடந்தது. முகத்தில் சிரிப்பு வேறு.

"சும்மாதான் உட்கார்ந்தேன். தரை குளுகுளுன்னு இருக்கு."

"எத்தனாவது தடவை அண்ணி?"

"முதல் தடவைதான்."

"அண்ணி!"

"இந்த வாரத்துல முதல் தடவை" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் அவளைத் தூக்கி உட்கார வைப்பதா, நாலு திட்டு திட்டுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் சேர்த்தே செய்தேன்.

என் அண்ணியைப் பற்றிச் சொல்வதானால் லாண்டிரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். பெரிய ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளையும் துண்டுகளையும் வெளுத்துத் தேய்த்துக் கொடுக்கும் லாண்டிரி அது. அண்ணி அங்கே நீராவி இஸ்திரி மெஷினில் நின்றாள். இளமை முழுவதும் நின்றாள் என்றே சொல்லலாம். அவள் நடக்கிற வேகத்தைப் பார்த்து அங்கே அவளுக்கு வைத்த பெயர் எக்ஸ்பிரஸ். என் அண்ணன் பஸ் டிரைவர். லாண்டிரி வாசல் ஸ்டாப்பில் அவளைப் பார்த்துத்தான் மனதைப் பறிகொடுத்தான். "உனக்காகத்தானே வண்டியை நிறுத்தி வைப்பேன்" என்று அவன் பெருமையடித்தால், "நீங்க எங்க நிறுத்துனீங்க, நான்ல ஓடி வந்து ஏறுவேன்" என்று அண்ணி அவன் வாயை அடைத்துவிடுவாள்.

அந்த லாண்டிரியில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு சூப்பர்வைசர் சுற்றி வரும்போது யாரும் உட்காரக் கூடாது, சாயக் கூடாது, இடுப்பில் கைவைக்கக் கூடாது. சோர்வாகத் தெரிந்தவளுக்கு மறுநாள் வேலை இருக்காது. அதனால் அந்த அட்டை கண்ணில் பட்டதுமே எல்லோரும் தோளை நிமிர்த்தி, கையை முன்னால் கட்டி, சிரித்த முகமாக நிற்பார்கள். "முடியுதாம்மா?" என்று கேட்டால் ஒரே பதில்தான்: "முடியும் மேடம்." காய்ச்சலோ மாதவிலக்கோ கர்ப்பமோ, எதுவானாலும் அதே பதில்தான். அண்ணி இதில் கெட்டிக்காரி. கால் தடுமாற ஆரம்பித்த பிறகும் பல மாதம் யாருக்கும் தெரியாமல் ஓட்டினாள். துணி வண்டியைத் தள்ளுகிற மாதிரி அதைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். உண்மையில் அந்த வண்டிதான் அவளைத் தள்ளிக்கொண்டு போனது.

சமதரையில் தடுக்கினாள். செருப்பு கழன்று போனது தெரியாமல் ஒற்றைச் செருப்போடு வீடு வந்தாள். காலுக்குப் போகிற நரம்புகள் ஒவ்வொன்றாக வலுவிழக்கின்றன, போனதைத் திரும்பக் கொண்டுவர முடியாது, போகிற வேகத்தைத்தான் கொஞ்சம் குறைக்கலாம் என்று டாக்டர் சொன்னார். வேலையை விட்டாள். உடல் பாதிப்புள்ளவர்களுக்கு அரசாங்க ஆபீஸ் கொடுக்கிற உதவித்தொகைக்கு விண்ணப்பித்தோம். அப்போது அவள் கைத்தடியோடு தெருமுனை வரை போய் வருவாள். அதற்கு ஏற்ற தொகையைக் கொடுத்தார்கள். அடுத்த பரிசோதனை அடுத்த வருடக் கடைசியில் என்றும், அதற்குள் நிலைமை மாறினால் நீங்களே தெரிவிக்க வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

அந்தத் தொகையில்தான் காலையக்கா வருகிறாள். அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் வேறு, காலையில் வருவதால் எங்களுக்குக் காலையக்கா. அண்ணன் முதல் பஸ்ஸை எடுக்க விடிவதற்கு முன்பே போய்விடுவான். நான் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் இருக்கிறவள், எனக்கும் காலையில்தான் வேலை. காலையக்கா வந்து அண்ணியைப் படுக்கையிலிருந்து எழுப்பி, கழிவறைக்குக் கூட்டிப்போய், குளிப்பாட்டி, சாப்பிட வைத்து, நாற்காலியில் உட்கார்த்திவிட்டுப் போவாள். அவள் வந்தால்தான் அண்ணிக்குப் பொழுது விடியும்.

ஒரே ஒரு நாள் அவள் வரவில்லை, காய்ச்சல். எங்களுக்குச் சொல்லி அனுப்பவும் ஆளில்லை. மதியம் அண்ணன் வீடு திரும்பும்வரை அண்ணி படுத்த படுக்கையிலேயே கிடந்தாள். இருவரும் என்னிடம் மூச்சுவிடவில்லை. மொட்டை மாடியில் மெத்தை காய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்துத்தான் எனக்கு விஷயம் புரிந்தது. அந்த ஒரு நாள் எல்லா நாளும் ஆகிவிடுமோ என்பதுதான் இந்த வீட்டின் பயம். உதவித்தொகை நின்றால் காலையக்கா நிற்பாள். காலையக்கா நின்றால் அண்ணி அந்த மெத்தையில் கிடப்பாள்.

அதனால் நான், "கால் மோசமாயிடுச்சுன்னு ஆபீசுக்குச் சொல்லிடலாம் அண்ணி, சாயந்திரத்துக்கும் ஆள் கிடைக்கும், சக்கர நாற்காலி கிடைக்கும்" என்று சொன்னதும் அண்ணன் துள்ளிக் குதித்தான்.

"வேண்டவே வேண்டாம். சும்மா இருக்கிற தேன்கூட்டை ஏன் கல்லால அடிக்கிற?"

"நாளைக்கு விழுந்து மண்டை உடைஞ்சா தேன்கூடு வந்து தூக்குமா அண்ணா?"

"எங்க டெப்போல வண்டி கழுவுறவரோட தம்பி இப்படித்தான் தொகையைக் கூட்டிக் கேட்டான். கூப்பிட்டு உட்கார வச்சு, கேள்வி மேல கேள்வி கேட்டு, கொடுத்துக்கிட்டு இருந்ததையும் நிறுத்திட்டாங்க. உள்ளதும் போச்சுடா நொள்ளைக்கண்ணான்னு ஆயிடும்."

"அந்தத் தம்பிக்கு என்ன கோளாறு?"

"எனக்கென்ன தெரியும்? போச்சுன்னு சொன்னாங்க, அவ்வளவுதான்."

பயத்துக்கு விவரம் தேவையில்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் தினமும் பார்க்கிறேன். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பல் பிடுங்கினபோது என்னமோ ஆனதாம் என்று நடுங்கிக்கொண்டு வருவார்கள். என்ன ஆனது என்று கேட்டால் தெரியாது. நாற்காலியைப் பார்த்ததும், "வலியே போயிடுச்சுங்க" என்று சொல்லி எழுந்து போகிறவர்களும் உண்டு. வீங்கின கன்னத்தோடு மறுநாள் திரும்பி வருவார்கள்.

நாங்கள் சண்டை போட்டு முடிக்கும்வரை அண்ணி துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாள் கழித்து நான் போனபோது அடுப்படியில் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். முன்கையில் சிவப்பாகக் கொப்புளம்.

"கால் மடங்கிடுச்சு. பிடிக்கிறதுக்குக் கிடைச்சது கொதிக்கிற பாத்திரம்தான்" என்றாள். பிறகு சாதாரணமாக, கடைக்குப் போகச் சொல்கிற மாதிரி, "போனைப் போடு. அடுத்த தடவை அடுப்பு மேலயே விழுந்துடுவேன்" என்றாள்.

போட்டேன். ரொம்ப நேரம் பாட்டு ஓடியது. அண்ணி போனை மடியில் வைத்து ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தாள். பாட்டு நின்று ஒரு ஆண் குரல் வந்ததும் அவள் முதுகு நேரானது. அந்தக் குரல் பெயர், பிறந்த தேதி எல்லாம் கேட்டது. என்ன மாற்றம் என்று கேட்டது. "முன்னைக்கு இப்ப கொஞ்சம் சிரமம்" என்றாள் அண்ணி. நான் தலையில் அடித்துக்கொண்டேன். பக்கத்திலிருந்து நான்தான், "கொஞ்சம் இல்லீங்க, அடிக்கடி விழறாங்க" என்று கத்தினேன்.

"பதிவு பண்றேங்க. ஆனா ஒண்ணு சொல்லிடணும். இதைப் பதிவு பண்ணிட்டா உங்க கேஸை முழுசா மறுபடி பார்ப்பாங்க. தொகை கூடலாம், அப்படியே இருக்கலாம், குறையலாம், நின்னும் போகலாம். பதிவு பண்ணட்டுமா?"

"நின்னும் போகலாம்" என்றதைக் கேட்டதும் என் தைரியமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. இவ்வளவு நாள் வாய் கிழியப் பேசினவள் நான். இப்போது போனைப் பிடுங்கி வைத்துவிடலாமா என்று கை பரபரத்தது. அண்ணி கொப்புளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்முனையில் அந்த ஆள், "ஹலோ, இருக்கீங்களா?" என்றார்.

"இருக்கேன். பதிவு பண்ணுங்க" என்றாள்.

அதன் பிறகு அந்த வீட்டில் பயம் குடியேறிவிட்டது. வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள், நாள் பிறகு சொல்வோம் என்றார்கள். காலிங்பெல் அடித்தால் அண்ணிக்கு வியர்த்தது. நோய் செய்யாததைப் பயம் செய்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் தெருவைப் பார்ப்பது ஒன்றுதான் அவளுக்கு இருந்த பொழுதுபோக்கு. அதை நிறுத்திவிட்டாள்.

"யாராவது நான் நிக்கிறதைப் பார்த்து ஆபீசுக்கு எழுதிப் போட்டுட்டா?"

"யார் எழுதிப் போடுவா? தெருநாயா?"

"நீ சிரிப்ப. நல்லா நிக்கிற நேரமும் எனக்கு இருக்கே. அந்த நேரம் பார்த்து வந்தாங்கன்னா என்னைப் பொய்க்காரின்னு சொல்ல மாட்டாங்களா?"

சிரிப்பதையும் குறைத்துக்கொண்டாள். சத்தமாகச் சிரித்தால் நோயாளி மாதிரி இருக்காதாம். அண்ணன் இன்னும் மோசம். வீட்டுக்கு எதிரே எந்தக் கார் நின்றாலும் ஆபீஸ்காரர்கள் வேவு பார்க்கிறார்கள் என்றான். ஒரு தடவை அது எதிர் வீட்டு மாப்பிள்ளையின் கார். இரண்டு பேரும் என் மேல் கோபத்தைக் காட்டவில்லை. காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆபீசிலிருந்து வருகிற நாள் தெரிந்தது. அண்ணன் லீவு போட்டான். காலையக்காவையும் இருக்கச் சொன்னோம். வீட்டைத் துடைக்காதே, இருக்கிறபடி இருக்கட்டும் என்று நான் படித்துப் படித்துச் சொன்னேன். காலையில் போய்ப் பார்த்தால் தரை பளபளக்கிறது. படுக்கையோரம் இருக்கிற கழிவறை நாற்காலியைக் காணோம்.

"அது எங்க அண்ணா?"

"பால்கனியில போர்வை போட்டு மூடியிருக்கேன். வீட்டுக்கு வர்றவங்க கண்ணுல முதல்ல அதுவா படணும்?"

"அதைப் பார்க்கத்தான் அவங்க வர்றாங்க!"

நான் அதை உள்ளே இழுத்து வந்தேன். அவன் வெளியே இழுத்துப் போனான். காலையக்கா கடைசியில் அதன் மேல் உட்கார்ந்துகொண்டு, "இனிமே யார் இழுக்கிறீங்கன்னு பார்க்கிறேன்" என்றாள். அன்றைக்கு நாங்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

வந்தது நடுத்தர வயதுப் பெண்மணி. மாடிப்படி ஏறின மூச்சிரைப்போடு, கையில் ஒரு டேப்லெட்டோடு, கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

அண்ணி எழுந்து நின்றாள்.

நாற்காலியின் இரண்டு கைகளையும் அழுத்தி, யாரையும் பிடிக்காமல் எழுந்து நின்றாள். தோள் நிமிர்ந்தது. கைகள் முன்னால் கட்டிக்கொண்டன. முகத்தில் சிரிப்பு வந்தது. "வணக்கம் மேடம்" என்றாள். எத்தனையோ மாதமாக நாங்கள் பார்க்காத காட்சி. அண்ணன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். அந்தம்மா அண்ணியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு டேப்லெட்டில் என்னமோ தட்டினார்.

"நடக்க முடியுதாம்மா?"

"நடப்பேன் மேடம்."

"யாரையும் பிடிக்காமயா?"

"பழகிடுச்சு மேடம்."

"சமையல், குளியல்?"

"அதெல்லாம் சமாளிச்சுக்குவேன்."

ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் காலையக்கா எங்கள் வாசலைவிட்டு ஒரு படி இறங்குகிற மாதிரி எனக்குத் தோன்றியது. நிஜத்தில் அவள் சுவரோரம் நின்று முந்தானையைப் பிசைந்துகொண்டிருந்தாள். அண்ணி வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. அவளுடைய உடம்பு அவளைக் கேட்காமல் லாண்டிரிக்குப் போய்விட்டது. பயந்தவர்கள் எப்படிப் பேசுவார்களோ அப்படித்தான் பேசினாள்.

"சரி, உட்காருங்கம்மா" என்றார் அந்தம்மா.

அண்ணி உட்காரவில்லை.

"பரவாயில்லை, உட்காருங்க."

அப்போதுதான் பார்த்தேன். அவளுடைய மேலுதட்டில் வியர்வை. இடுப்புக்குக் கீழே துணி நடுங்கியது. முட்டி பூட்டிக்கொண்டுவிட்டது. மடக்கினால் தொப்பென்று விழுவாள், மடக்காமல் இன்னும் கொஞ்சம் நின்றாலும் விழுவாள். அப்போதும் சிரிப்பு மட்டும் கலையவில்லை. என்னால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"அண்ணி, இது லாண்டிரி இல்ல. இவங்க உங்க சூப்பர்வைசரும் இல்ல. நிமிர்ந்து நின்னு காட்டினா இங்க வேலை நிலைக்காது, இருக்கிறதும் போயிடும்!"

அவள் என்னைப் பார்த்தாள். தூங்கி விழித்த மாதிரி ஒரு பார்வை. சிரிப்பு மெல்ல இறங்கியது.

"உட்கார முடியல" என்றாள்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் வாயில் "முடியல" என்ற வார்த்தையை நான் கேட்டதில்லை. அண்ணனும் காலையக்காவும் இரண்டு பக்கமும் தாங்கி அவளை இறக்கினார்கள். அந்தம்மா டேப்லெட்டை மேஜையில் வைத்துவிட்டு, "என்ன லாண்டிரி?" என்று என்னைக் கேட்டார். சொன்னேன். கேட்டுவிட்டுக் கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டார்.

"அம்மா, நான் வேலைக்கு ஆள் எடுக்க வரல. உங்களால என்ன முடியும்னு தெரிஞ்சுக்கிட்டேன். ஒரு கெட்ட நாள் எப்படி இருக்கும்னு சொல்லுங்க."

அண்ணி அண்ணனைப் பார்த்தாள். "நீங்க கொஞ்சம் வெளியில போயிட்டு வாங்களேன்" என்றாள். அவன் நகரவில்லை. "சரி, இருங்க" என்று சொல்லிவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

மதியத்துக்கு மேல் அவள் தண்ணீர் குடிப்பதில்லையாம். குடித்தால் விடியற்காலையில் அண்ணன் போன பிறகு, காலையக்கா வருவதற்குள் அடக்க முடியாது. காலையக்கா போன பிறகு எதையாவது எடுக்க வேண்டுமென்றால் நாற்காலியிலிருந்து கீழே இறங்கி, ஒரு துண்டை அடியில் போட்டுக்கொண்டு தரையோடு இழுத்துக்கொண்டே போவாள். கதவில் சாவி சத்தம் கேட்டால் எப்படியாவது பக்கத்தில் இருக்கிற கட்டிலில் தொற்றி ஏறிவிடுவாள். ஏற முடியாத நாளில், "சும்மாதான் தரையில உட்கார்ந்தேன்" என்று சொல்லிவிடுவாள்.

அண்ணன் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டான். "என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"சொன்னா அந்த நினைப்போடயே வண்டி ஓட்டுவீங்க. அத்தனை உயிர் பின்னாடி உட்கார்ந்திருக்கும்ல."

அவன் அடுப்படிக்குப் போய்விட்டான். குழாய் ரொம்ப நேரம் ஓடிய சத்தம் கேட்டது. அழுகிறான் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

கிளம்பும்போது அந்தம்மாவை வாசலில் மடக்கினேன். "அவங்க எழுந்து நின்னதையும் எழுதுவீங்களா?"

"எழுதணும். பார்த்ததை எழுதாம விட முடியாது. அப்புறம் உட்கார முடியாததையும் எழுதுவேன். முடிவு என் கையில இல்லம்மா."

நல்ல சேதியா கெட்ட சேதியா என்று புரியாமல் நாங்கள் மூவரும் அதை வைத்துக்கொண்டு நாட்களை ஓட்டினோம். அண்ணன் சொன்னால் கெட்டதாகத் தெரிந்தது, நான் சொன்னால் நல்லதாகத் தெரிந்தது. காலையக்கா வேறு வீட்டில் வேலைக்குக் கேட்டிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். அவளைக் குற்றம் சொல்ல முடியாது, அவளுக்கும் வயிறு இருக்கிறது. அண்ணி ஒவ்வொரு நாளும் அவள் கிளம்பும்போது, "நாளைக்கு வருவீங்கல்ல?" என்று கேட்க ஆரம்பித்தாள். முன்பெல்லாம் கேட்டதேயில்லை.

என் விடுமுறை நாள் ஒன்றில் போன் வந்தது. அண்ணி ஆபீஸ் எண்ணைப் பார்த்ததும் போனைக் கட்டிலில் போட்டுவிட்டாள், சுட்டுவிட்ட மாதிரி. "நீ எடு. எனக்கு வேண்டாம்" என்றாள். எடுத்தேன். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் மளமளவென்று ஒப்பித்தது. மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடி சொன்னாள். அண்ணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், விழி அசையவில்லை.

"கூட்டியிருக்காங்க அண்ணி! ரொம்ப அதிகமான பாதிப்புன்னு சேர்த்திருக்காங்க. காலையக்கா எங்கேயும் போக மாட்டா. சாயந்திரத்துக்கும் ஆள் வச்சுக்கலாம். சக்கர நாற்காலியும் உண்டு!"

துள்ளிக் குதிப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை, குதிக்கிற கால் இல்லை. அழுவாள் என்று நினைத்தேன். அழவும் இல்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது. இத்தனை நாளில் எந்தக் காலிங்பெல்லுக்கும் அவள் முகத்தில் இப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததில்லை.

"நம்பிட்டாங்களா?"

"நம்பிட்டாங்க அண்ணி."

"அப்ப…" என்று தொடங்கி நிறுத்தினாள். "அப்ப நிஜமாவே நான் அவ்வளவு மோசமா இருக்கேனாடி?"

எங்கள் ஆஸ்பத்திரியில் பயந்தவர்களுக்குச் சொல்லவென்றே எனக்கு நிறைய வார்த்தைகள் உண்டு. ஒன்றும் இல்லை, சும்மா எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும், இதோ முடிந்துவிட்டது. அவற்றை ஒதுக்கி வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஆமா அண்ணி" என்றேன்.

தலையை ஆட்டினாள். "பாத்ரூம் போகணும். என்னால தனியாப் போக முடியல. கூட்டிட்டுப் போறியா?" என்று கையை நீட்டினாள்.